மிதவை யாருடையது?

சிறு பிள்ளைகள் நீச்சல் பழகுவதற்கென்றே இன்று ஒருவகை நீச்சலுடை விற்பனைக்கு வருகின்றது. மார்பையும் முதுகையும் சுற்றித் துணிக்குள் மிதவைத் துண்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். பிள்ளை நீரோடு பழகப் பழக, அவற்றை ஒவ்வொன்றாக உருவிவிடலாம். இறுதியில் எஞ்சுவது வெறும் உடைதான். நல்ல ஏற்பாடு என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. மிதப்பது எது என்பதைப் பிள்ளைக்கு உண்மையாகச் சொல்கிறோமா?

நம் சிற்றூர்க் கிணறுகளில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் பிள்ளைகளை இறக்கிய வழக்கம் பலரும் அறிந்ததே. குடுக்கை முதுகை உறுத்தும். கயிறு இடுப்பில் பதியும். தன்னைத் தாங்குவது எது என்பதில் அப்பிள்ளைக்கு மயக்கம் எழ வழியே இல்லை. 1964இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தவரான பேர்ன்ஹார்ட் மார்க்விட்ஸ், முன்னொருநாள் குளத்தில் விழுந்து உயிர்பிழைத்த தம் சிறுமகளை நினைந்து, காற்றடைத்த கைப்பட்டைகளை உருவாக்கினார். அவையும் கண்ணுக்குத் தெரிபவையே. உடைக்குள் மறைந்த மிதவையோ அப்படியன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஒரு சட்டை, அவ்வளவே. "நான் நீந்துகிறேன்!" என்று பிள்ளை கூவுகிறது, நாமும் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலில் ஒரு சிறு பொய் கலந்திருக்கிறது. மறுநாள் உடை கொடியில் உலர்ந்துகொண்டிருக்கும்போது, அதே பிள்ளை அதே துணிவோடு நீரை நோக்கி நடக்குமானால், குற்றம் யாருடையது?

அச்சத்தை வளர்ப்பதைவிட மறைப்பது மேலன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அஞ்சிய பிள்ளையின் உடல் விறைத்துப்போகும், கற்றல் நின்றுவிடும் என்பது மெய்தான். ஆயினும் அறிவது வேறு, அஞ்சுவது வேறு. சுரைக்குடுக்கைப் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். ஆர்ப்பரித்துக் குதிக்கவும் செய்தார்கள்.

பெரியவர்களையும் இவ்வுடை ஏமாற்றும். அது உயிர்காப்பு அங்கி அன்று. எனினும் அதை அணிவித்தபின் நம் கண் செய்தித்தாளுக்கோ கைபேசிக்கோ நழுவிவிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 2021இல் நீரில் மூழ்கி மாண்டோர் ஏறத்தாழ 3,00,000 பேர். அவர்களில் ஏறக்குறையக் கால்பங்கினர் ஐந்து வயது நிரம்பாதோர். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் குரல் எழுப்புவதில்லை. ஆகவே பார்த்திருத்தல் மட்டும் போதாது. கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். துணியிடம் ஒப்படைக்கக்கூடிய கடமையன்று இது.

இன்னொன்றும் உண்டு. மார்பைச் சுற்றிய மிதவை உடலை நிமிர்த்தியே வைக்க முனையும். நீந்துவதற்கோ உடல் கிடையாக நீள வேண்டும். நெடுநாள் அதிலேயே கிடந்த பிள்ளை, நின்றவாறே கால் உதைக்கப் பழகி, பின் அதை மறக்கப் பாடுபடுகிறது.

மிதவைத் துண்டு ஒன்றை வாளி நீரில் அமிழ்த்தி, அது துள்ளி மேலெழுவதைப் பிள்ளைக்குக் காட்டலாம். உருவும் நாள் வரும்போது அதன் கையாலேயே உருவச் செய்யலாம். ஒவ்வொரு நாளும் பயிற்சி முடியுமுன் உடையை முழுவதும் கழற்றி, ஆழமற்ற நீரில் முதுகின்கீழ் நம் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் படுக்கவைப்போம். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தால் உடல் எழுகிறது, விட்டால் தாழ்கிறது. தன்னுடையது என்று சொல்லத்தக்க மிதவை ஒன்று தன் நெஞ்சுக்குள்ளேயே இருப்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்டுகொள்கிறது.