பிணி தீர்க்குமிடத்துப் பேதம் நோக்கல் தகுமோ?

செல்வம் இழந்தானொருவன் தன் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு துன்பத்தைத் தானே ஆற்றிக்கொள்ளுதல் கூடும். பிணியுற்றானுக்கோ அஃது இயலாது. அவன் தன் உடம்பைப் பிறர்முன் திறந்து காட்டல் வேண்டும். பெற்ற தாய்க்கும் உரையாதவற்றை வைத்தியருக்கு உரைத்தல் வேண்டும். ஆகலின் வைத்தியசாலை என்பது ஒருவன் தன் உயிரோடு தன் மானத்தையும் பிறர் கையில் ஒப்புவிக்கும் இடமாயிற்று. அங்ஙனம் ஒப்புவிக்கப்பட்ட மானத்தைக் காத்தல் மருத்துவத்தின் பகுதியோ, அன்றி மருத்துவம் முடிந்தபின் இயன்றாற் செய்யும் உபசாரமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

இவ்வினா எல்லார்க்கும் பொதுவாயினும், சிலர்க்கு மிகக் கடுமையாய் எழுகின்றது. தம்மோடொத்த பாலாரை விரும்பும் இயல்பினர், ஆணுடம்பொடு பிறந்து தம்மைப் பெண்ணென உணரும் திருநங்கையர், பெண்ணுடம்பொடு பிறந்து தம்மை ஆணென உணரும் திருநம்பியர், இருபாற் குறிகளும் விரவிய உடம்பொடு பிறந்தோர் ஆகியோரே அவர். இத்தகையோர் நம்மூரில் இல்லையென்பார் உளர். அம்பிட்டியவிலும் ஹந்தானைத் தோட்டங்களிலும் இருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கும், அப்பாற் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கும் நாடோறும் செல்லும் சனத்திரளில் அவர்களும் உளர். வாய் திறவாமையினாலே அறியப்படாதிருக்கின்றனர்.

அவர்க்கு நேரும் இடர் யாதெனின், கூறுதும். வெளிநோயாளர் பிரிவில் நிரையாக அமர்ந்திருக்குங்கால், அடையாள அட்டையிலுள்ள ஆண்பெயரை உரக்கக் கூவ, சேலையுடுத்த ஒருவர் எழுந்து நிற்கின்றார். நூறு கண்கள் அவர்மேல் விழுகின்றன. கைமுறிவுக்கு வந்தவரிடம் கைக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள் கேட்கப்படுகின்றன. ஒருவர் மற்றொருவரை அழைத்து வந்து காட்டுகின்றார். ஆண்கள் விடுதியில் விடுவதோ, பெண்கள் விடுதியில் விடுவதோ என்று நோயாளியின் முன்னிலையிலேயே வாதம் நிகழ்கின்றது. இவற்றுள் எதுவும் மருந்தை மறுத்ததன்று. ஆயினும் இவற்றை ஒருமுறை பட்டவர் மறுமுறை வருவாரோ?

வாராமையின் பயன் கொடிது. வைத்தியரிடம் செல்ல அஞ்சிய திருநங்கை ஒருவர், பெண்மைச் சுரப்பு மருந்துகளைப் பிறர் சொற்கேட்டுத் தாமே வாங்கி உண்பாராயின், இரத்தம் நாளங்களில் உறைதல் முதலிய கேடுகள் காண்பாரின்றி வளரும். தாடி வளர்ந்து ஆணாய் வாழும் திருநம்பி ஒருவருக்குக் கருப்பை இருத்தல் கூடும். அதன் கழுத்திற் புற்றுநோய் தோன்றுதலும் கூடும். முப்பத்தைந்து வயதடைந்த மகளிர்க்கு அந்நோயை முன்னறியும் பரிசோதனையை நம் அரசாங்கம் இலவசமாகச் செய்து வருகின்றது. மகளிர் நிரம்பிய அக்கிளினிக்கின் வாயிலில் அவர் எங்ஙனம் சென்று நிற்பார்? எயிட்ஸ் நோய்க்குரிய பரிசோதனையும் மருந்தும் இந்நாட்டில் இலவசமேயாயினும், தம் இயல்பு வெளிப்படுமென்று அஞ்சுவோர் நோய் முற்றிய பின்னரே வருவர். வைத்தியர் உண்மையறிந்தாலன்றி நோயறியார். இகழ்ச்சிக்கு அஞ்சுவோன் உண்மை கூறான். ஆசிரியத் தொழிலில் நாம் கண்டதும் இதுவே. நகைப்புக்கு அஞ்சும் மாணாக்கன் ஐயத்தை மறைப்பான். மறைத்த ஐயம் தேர்விலன்றி வெளிப்படாது. மறைத்த நோயோ மரணத்தில் வெளிப்படும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து செய்வோன் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் கூறுகளாக வகுத்தது. நோயாளியும் மருத்துவத்தின் ஒரு கூறென்பதை உற்றுநோக்குக. அவன் நாணி ஓடினால் மருத்துவம் நான்கு கால்களுள் ஒன்றிழந்த கட்டிலாகும். ஆகவே நோயாளியின் மானத்தைக் காத்தல் மருத்துவமேயென்பது எமது துணிபு.

இது புதுமையன்று. நாம் மிசன் பள்ளிக்கூடத்திற் பயின்றோம். சமயத்தில் அம்மிசனாரோடு மாறுபடினும் அவர் செய்த நன்மையை மறவோம். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நோயாளி தன் பாஷையிற் பேசும் வைத்தியன் வேண்டுமெனக் கண்டு, மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியங் கற்பித்தார். ஆடவராகிய வைத்தியர் முன் நம் மகளிர் வர நாணியமை கண்டு, அம்மிசனார் 1898ஆம் ஆண்டில் இணுவிலிலே மகளிர்க்கென ஒரு வைத்தியசாலை நிறுவினர். நாணத்தை விட்டுவிட்டு வாவென்று அப்பெண்டிரை அவர் கூறவில்லை; நாணமுடையாரும் வரத்தக்க வாயிலை அமைத்தனர். சிங்களந் தெரியாத தோட்டத் தமிழர், தமக்கு விளங்காத படிவத்தைக் கையிற் பிடித்து வைத்தியசாலையில் திகைத்து நிற்பதை மலைநாட்டினராகிய நாம் நன்கறிவோம். நமக்காக வேண்டியதைப் பிறர்க்கு மறுத்தல் எவ்வாறு நீதியாகும்?

இனி, எதிர்வாதஞ் செய்வார் கூற்றுக்களை ஆராய்வாம்.

வினைப்பயனால் வந்த இயல்பிற்கும் இழிவிற்கும் நாம் யாது செய்வோம் என்பார் சிலர். வினையின் பயனை ஊட்டுவோன் இறைவன். அவ்வதிகாரத்தை அவன் தாதியர்க்கேனும் காவற்காரர்க்கேனும் அளித்திலன். திலகவதியாரை நினைக்க. தம்பியார் மருணீக்கியார் சமணஞ் சார்ந்து தருமசேனர் என்னும் பெயரொடு வாழ்ந்து, சூலைநோய் வருத்த இரவிலே வந்து வீழ்ந்தபோது, அவ்வம்மையார் முன்னைய பிழைகளை எடுத்து நிறுத்திக் கணக்குக் கேட்டிலர். திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அன்று வாயிலில் தடுத்து இகழ்ந்திருப்பின் நமக்கு அப்பர் சுவாமிகள் ஏது?

சட்டம் விலக்கியதை நாம் ஆதரிக்கலாமோ என்பார் வேறு சிலர். அச்சட்டத்தின் வரலாற்றை நோக்குக. தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு 1883ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியார் வகுத்தது. அதனைச் சார்ந்த 365அ பிரிவு 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் பெண்களையும் அடக்கிற்று. வகுத்தவருடைய இங்கிலாந்தோ 1967ஆம் ஆண்டிலேயே தன் சட்டத்தைத் தளர்த்திற்று. இப்பிரிவுகளை மாற்றக் கொணரப்பட்ட மசோதா அரசியலமைப்புக்கு முரணன்றென 2023ஆம் ஆண்டு மே மாதம் நம் உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. மேலும், நம் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் விடுத்த சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணர் வழங்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிற் பெயரையும் பாலையும் மாற்றிக்கொள்ள வழியுண்டு. இவையெல்லாம் நிற்க. சிறையிலிருக்கும் கொலைஞனுக்கும் காய்ச்சல் வந்தால் வைத்தியர் மருந்து கொடுக்கின்றார். வைத்தியர் வைத்தியரேயன்றிப் பொலிசார் அல்லர்.

இஃது ஒரு நோய். இதனையன்றோ முதலில் மாற்றவேண்டும் என்பார் பின்னும் சிலர். உலக சுகாதார நிறுவனம் தன்பால் விருப்பத்தை நோய்களின் வரிசையினின்றும் 1990ஆம் ஆண்டில் நீக்கிற்று. பால்மாறி உணர்தலை மனநோய்களின் வரிசையினின்றும் 2019ஆம் ஆண்டில் எடுத்தது. இதுபற்றித் தமிழ்நாட்டில் நிகழ்ந்ததொன்று நம்மனோர்க்குப் பாடமாகும். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோர் இயல்பை மருந்தாலேனும் வற்புறுத்தலாலேனும் மாற்ற முயலுதல் தகாதென ஆணையிட்டார். தாம் இப்பொருளை முன்னர் நன்கறியாதவர் என்பதை அவர் ஒளித்திலர். உளநூல் வல்லார் ஒருவரிடம் மாணாக்கர்போல் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே தீர்ப்புரைத்தார். அவ்வழக்கின் பயனாக வைத்திய மாணவர் பாடநூல்களில் இருந்த இழிசொற்களும் ஆராயப்பட்டன. இருபாற் குறி விரவிய குழவிகட்கு, உயிர்க்கிடர் நேர்ந்தாலன்றி, அறுவை செய்து பால் வகுத்தலாகாதென 2019ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஆணை பிறப்பித்தது. அதற்கு முன்னரே, 2008ஆம் ஆண்டில், திருநங்கையர் நலத்துக்கென ஒரு வாரியமும் அமைத்தது. இங்கோ பிள்ளையின் இயல்பறிந்த பெற்றோர் சிலர் மந்திரவாதியிடம் ஓடுகின்றனர். கட்டும் கழிப்பும் அடியும் பிள்ளையின் இயல்பை மாற்றா. பெற்றோரிடத்து வைத்த நம்பிக்கையை மாத்திரம் மாற்றிவிடும்.

நம் சமய மரபுக்கு இஃது அடாது என்பாரும் உளர். சைவசித்தாந்தம் கூறுவதென்னை? உயிர் ஆணுமன்று, பெண்ணுமன்று, அலியுமன்று. தனு கரணங்கள் மாயையினின்றும் உயிர்க்கு அளிக்கப்பட்டவை. திருச்செங்கோட்டிலே ஒருபாகம் ஆணும் ஒருபாகம் பெண்ணுமாய் எழுந்தருளியிருக்கும் பெருமானை நாம் வணங்குகின்றோம். இறைவன் கொண்ட திருவுருவமும் மானிடர் பிறப்பியல்பும் ஒன்றென நாம் கூறவில்லை. அத்திருவுருவின் முன் கைகூப்பியவர், கோயிலுக்கு வெளியே இருபாற் சாயல் கண்டவிடத்து நகைத்தல் பொருந்துமோ என்றே கேட்கின்றோம். பழந்தமிழ் நூல்களும் பேடி, அலி என்று இவரை மக்களுள் வைத்து எண்ணின.

இவர்தம் வாழ்க்கை முறையை ஒப்புக்கொள்ள இயலாதென்னும் அன்பர்க்கு நாம் கூறுவது இது. உமது ஒப்புதலை நோயாளி கேட்டு வந்திலர். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தார்.

இனிச் செய்யத்தக்கன சில. பெயர் கூவுதலை விடுத்து இலக்கத்தால் அழைக்கலாம். அல்லது எப்பெயரால் அழைப்பதென அவரையே மெல்ல வினவலாம். எவ்விடுதியில் இருத்துவதென்பதையும் அவரோடு தனித்துப் பேசித் துணியலாம். நோய்க்கு வேண்டாத வினாவை ஒழிக்க. வேண்டும் வினாவை ஏன் கேட்கின்றோமெனக் காரணங்கூறிக் கேட்க. அறிந்ததைப் பிறர்க்கு உரையற்க. வீட்டார் கைவிட்ட நோயாளியின் கட்டிலருகே ஒரு தோழர் கஞ்சியொடு வந்து நிற்பாராயின், நீ யார் என்று அவரைத் துரத்தற்க. உடனிருந்து செய்வோன் என்று வள்ளுவர் எண்ணிய கூறு அவரே. இவற்றுள் ஒன்றற்கேனும் பணச்செலவு இல்லை. நம்மவர் புதல்வர் புதல்வியர் பலர் பேராதனையில் வைத்தியம் பயில்கின்றனர். பலர் தாதியராயும் சிற்றூழியராயும் கடமை புரிகின்றனர். நோயாளிகட்குப் பழமும் பாலும் கொண்டு செல்லும் நம் சங்கத்தார், யாரும் பார்க்க வாராத கட்டிலை நாடி முதலிற் செல்லுதல் நன்று.

திரிசிராப்பள்ளித் தலபுராணம் கூறும் வரலாற்றை அறியாத சைவர் இலர். காவிரி வெள்ளத்தாற் பெற்ற தாய் வரத் தடைப்பட, ஈன்றற்கு நோவுற்றுத் தனித்துக் கிடந்த பெண்ணொருத்திக்குப் பெருமான் தாயின் உருவிலே வந்து மருத்துவம் பார்த்தருளினான். அதனாலேயே தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். நோவுற்றார்க்கு உதவுதற்பொருட்டுத் தன் உருவையே மாற்றிக்கொண்டான் அவன். அவனடியார் எனப்படும் நாம், நோவுற்றார்பொருட்டு நம் சொல்லையும் பார்வையையுமாவது மாற்றிக்கொள்ளக் கடவேம். திருவருள் துணைசெய்க.