அட்டவணையில் தொடங்கும் மலை

நெடும்பாதை ஒன்றை ஒரே மூச்சில் நடந்து முடிப்பவர்கள் உண்டு. வேலை, வீடு, முழங்கால் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அதைத் துண்டு துண்டாக நடக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரில் ஓடும் அப்பலாச்சியன் பாதை, ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெயினில் கடாடின் மலையில் முடிகிறது. சுமார் 3,500 கி.மீ. முழுவதும் நடந்தவர்களுக்குப் பாதையைப் பேணும் அமைப்பு ஓர் அங்கீகாரம் தருகிறது. ஆறு மாதத்தில் முடித்தவரும் முப்பது வருடத்தில் முடித்தவரும் அதன் கண்ணில் ஒன்றுதான். எந்த வரிசையில் நடந்தாய், எத்தனை காலம் எடுத்தாய் என்று அது கேட்பதில்லை.

நியூயார்க் நகரில் இருக்கிறேன். கார் கிடையாது. ஆகவே என் துண்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது மலையின் கையில் இல்லை. ரயிலும் பஸ்ஸும் நிற்கிற இடங்களின் கையில் இருக்கிறது.

*

இப்போது மேசையில் விரித்திருக்கும் துண்டு: ஹட்சன் ஆற்றின் மேலுள்ள பியர் மவுண்டன் பாலத்திலிருந்து, பாலிங் ஊருக்குப் பக்கத்தில் பாதை தண்டவாளத்தைக் கடக்கும் இடம் வரை. எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இரு முனைக்கும் மெட்ரோ நார்த் ரயில் உண்டு, வேறு வேறு தடத்தில். ஆற்றோரத் தடத்தில் மேனிட்டூ என்றொரு குட்டி நிலையம். அங்கிருந்து பாலம் நடக்கிற தூரம்தான், ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. நேரம் ஒத்துவராவிட்டால் பீக்ஸ்கில்லில் இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும். மறுமுனையில், ஹார்லெம் தடத்தில், நிலையத்தின் பெயரே ‘அப்பலாச்சியன் பாதை’. 1990இல் வந்தது. கட்டடம் இல்லை, டிக்கெட் ஜன்னல் இல்லை. தண்டவாளத்தை ஒட்டி ஒரு சின்ன மேடை, அவ்வளவுதான். வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்கள் நிற்கும்.

எனவே முதலில் எழுதுவது கடைசி வரியைத்தான். சனிக்கிழமை ரயில். அதற்கு மேலே வெள்ளி, வியாழன் என்று பின்னோக்கி ஏறினால் செவ்வாய்க் காலை புறப்பட வேண்டும் என்று வருகிறது. சனிக்கிழமை தவறினால் ஞாயிறு. ஞாயிறும் தவறினால் நெடுஞ்சாலை ஓரமாகத் தெற்கே நான்கு கிலோமீட்டர் நடந்து பாலிங் நிலையம். அங்கே தினமும் ரயில் உண்டு. விடுப்பில் திங்களையும் சேர்த்து எழுதிவிட்டேன். மழை, கொப்புளம், காரணமில்லாமல் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த நாள்.

*

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி நடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதோடு இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் அளவில், ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று, அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்று. இன்றும் பலர் இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள்.

வரைபடத்தில் உயரக்கோடுகளை பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறேன். கோடுகள் நெருங்கும் இடத்தில் மூச்சு வாங்கும். விலகும் இடத்தில் பேச்சு வரும். எண்ணி முடித்ததும் நெய்ஸ்மித்தின் விடையோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். அவர் கணக்கு திடகாத்திரமான ஆளுக்கு. முதுகில் கூடாரமும் ஐந்து நாள் சாப்பாடும் சுமக்கிற ஆளுக்கு, காகிதத்தில் ஐந்து மணி என்றால் காலில் ஏழரை.

தாமதமானால் கார் காத்திருக்கும். ரயில் காத்திருக்காது. அதனால் நான் எப்படி நடக்க ஆசைப்படுகிறேன் என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, எப்படி நடக்கிறேன் என்பதை மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதும் சந்தர்ப்பம் அதிகம் வாய்ப்பதில்லை.

*

“காலைல நான் கொண்டுபோய் விட்டுடறேன். சாயங்காலம் வந்து கூட்டிக்கறேன். எதுக்கு இந்தப் பாடு?” என்கிறார் நியூ ஜெர்சி நண்பர். அன்பாகத்தான் சொல்கிறார்.

மலையடிவாரத்துக்குக் காரில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நடை ஒன்று வட்டமாக இருக்கும், இல்லை போன வழியே திரும்பும். முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் தூரம்தான் மேயும். நேர்கோட்டில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு காரில் வந்து ஆளுக்கொரு முனையில் நிறுத்துகிறார்கள், அல்லது வண்டியோட்டி ஒருவருக்குப் பணம் கொடுத்துத் தங்கள் காரை விட்ட இடத்துக்குத் திரும்புகிறார்கள்.

எனக்கு முளை இல்லை. ஒரு தடத்தில் இறங்கி இன்னொரு தடத்தில் ஏறலாம். இறங்கிய இடத்தை மறுபடி பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை.

*

இந்தப் பாதையை முதலில் கற்பனை செய்தவர் பென்டன் மெக்கே. 1921இல் கட்டடக் கலைஞர்களின் சஞ்சிகை ஒன்றில் கட்டுரையாக முன்வைத்தார். நகரத்து உழைப்பாளிகளுக்கு மலைமேல் மூச்சு விட ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கவலை. பின்னாளில் மலைமுகட்டிலேயே கார்ச்சாலைகள் போடும் திட்டங்களை அவர் கடுமையாக எதிர்த்தார்.

பாதையின் முதல் பகுதி 1923இல் நான் இறங்கப்போகும் இடத்துக்கு எதிர்க்கரையில், பியர் மவுண்டன் பக்கம் திறந்தது. அதற்கு வழி வகுத்தவர்களில் ரேமண்ட் டோரி என்ற பத்திரிகையாளர் முக்கியமானவர். பாலம் வந்தது அடுத்த வருடம், 1924இல்தான். அதற்கு முன் நகரத்து மக்கள் ஆற்றில் நீராவிக் கப்பலிலும், படகுத்துறை தாண்டி ரயிலிலும் வந்து இறங்கினார்கள். அதற்கெல்லாம் அட்டவணை பார்த்துத்தான் புறப்பட்டிருப்பார்கள்.

கார் இல்லாமல் மலைக்குப் போவதை நண்பர்கள் ஒரு வைராக்கியம் போலப் பேசும்போது இதை நினைத்துக்கொள்கிறேன். வைராக்கியம் எதுவுமில்லை. இந்தப் பாதைக்கு வரும் பழைய வழியே அதுதான்.

*

பையை நிரப்புகிறேன். கார் இருந்தால் அதன் டிக்கியில் இன்னொரு வீடே இருக்கும்: மாற்றுச் செருப்பு, துண்டு, தண்ணீர்க் கேன், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போட்ட எல்லாம். எனக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதன் எடை தோளில் தெரியும்.

அதனால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுகிறேன். திரும்பும் ரயிலுக்கு ஒரு சுத்தமான சட்டை, பிளாஸ்டிக் உறையில். பக்கத்து இருக்கைக்காரர் மேலுள்ள மரியாதை அது. காகிதத்தில் அச்சிட்ட கால அட்டவணை. பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கரடிகள் நடமாடும் காடு என்பதால் சாப்பாட்டுக்குக் கெட்டியான டப்பா, எடை கூடினாலும். அப்புறம் வீட்டுச் சாவி. ஐந்து நாள் அது எதையும் திறக்கப்போவதில்லை. ஆனாலும் எல்லாவற்றையும்விட அதைத்தான் பத்திரமான பையில் வைக்கிறேன்.

*

முதல் இரவு கிரேமூரில். பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் இருக்கும் குன்று. பாதையில் நடந்து வருகிறவர்களை அவர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் பந்து மைதானத்தில் தங்க விடுகிறார்கள். கூரை வேய்ந்த ஒரு திறந்த கொட்டகை இருக்கிறது. காசு வாங்குவதில்லை. சத்திரமும் சாவடியும் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் இந்தக் காலத்தில், நெடுஞ்சாலைக்கு இவ்வளவு பக்கத்தில் கிடைக்கிறது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

நியூயார்க் பகுதியில் நினைத்த இடத்தில் கூடாரம் போடக் கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான். ஆக இரவுகளும் நிலையங்கள்தான். கிரேமூர், ஃபானஸ்டாக் பூங்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்த்தால் அதுவே ஒரு தடத்தின் பட்டியல் போல இருக்கிறது.

ரயிலின் தயவு, மடத்தின் தயவு, பீக்ஸ்கில் டாக்சிக்காரரின் தயவு. கார் இருந்தால் இத்தனை பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிராது. எவர் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பதே சுதந்திரம் என்று இளவயதில் நம்பியிருந்தேன். எவர் கையை எதிர்பார்க்கிறோம் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு சுதந்திரம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

*

நின்று பார்க்க வேண்டியவை இந்தத் துண்டின் கடைசியில்தான் குவிந்து கிடக்கின்றன. நியூக்ளியர் ஏரி: அதன் கரையில் அணு எரிபொருள் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 1972இல் அங்கே வெடிப்பு நேர்ந்து புளூட்டோனியம் சிதறியது. பின்னர் இடம் கைமாறி, சுத்தம் செய்யப்பட்டு, இன்று பாதை அந்தக் கரையோரமே போகிறது. அதைத் தாண்டி, சாலையோரம், டோவர் ஓக் என்ற பெருமரம். கைகோத்துச் சுற்றி நிற்க நாலைந்து பேர் வேண்டும். பிறகு சதுப்பு நிலத்தின் மேல் நீளமாகப் பலகைப்பாதை. அது முடிந்தால் ரயில் மேடை.

ரயிலைப் பிடிக்கும் அவசரம் ஆளை இழுப்பதும் இதே கடைசி நீளத்தில்தான். ஏரியில் கண் இருக்கும். மனம் மேடையில் இருக்கும். இதற்காகவே வெள்ளி இரவைக் கடைசிக் குடிலுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஏரியை வெள்ளி மாலையில் பார்த்துவிடலாம். சனிக்கிழமைக்கு ஐந்து கிலோமீட்டர் அளவுதான் மிச்சம். மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ரயில் போய்விடாது.

வழியில் அவசரம் வேண்டாம் என்றால், வீட்டிலேயே உட்கார்ந்து அதற்கு இடம் விட்டுவைக்க வேண்டும். மலைக்குப் போனபின் கிடைக்கும் நிதானம் என்று ஒன்று தனியாக இல்லை.

*

இப்படி வாசல்கள் பாதை நெடுக உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் பாதை ஊருக்குள்ளேயே வருகிறது. ஆம்ட்ராக் ரயிலும் அங்கே நிற்கிறது. மாசசூசெட்ஸில் டால்டன் ஊர்த் தெருக்கள் வழியே பாதை போகிறது. பக்கத்து பிட்ஸ்ஃபீல்டுக்கு உள்ளூர் பஸ், அங்கே ரயில்.

பாலிங்குக்கு வடக்கே ஹார்லெம் தடம் இன்னும் கொஞ்ச தூரம் துணைக்கு வரும். அதன்பின் பாதை கனெக்டிகட்டுக்குள் திரும்பிவிடும். ரயில் கூட வராது. பாலிங்கிலிருந்து டால்டன் வரை 200 கி.மீ. அளவில் வருகிறது. கென்ட்டிலும் சாலிஸ்பரியிலும் கடைகள் இருக்கின்றன, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பத்து நாள் விடுப்புத்தான் கேட்க வேண்டும். கார் இருந்திருந்தால் இதை நாலைந்து வார இறுதிகளாக வெட்டியிருப்பேன். இல்லாததால் முழுசாக நடக்கப்போகிறேன்.