விடாமுயற்சியின் ஊற்று எது?

கார்த்திகை மாத விடியலில் தாடிக்கொம்பு வழியாகத் திண்டுக்கல்லுக்குச் செல்வோர் அக்காட்சியைக் கண்டிருக்கலாம். சிறுமலையை மேகம் மூடியிருக்கும், பருவமழை தூறிக்கொண்டிருக்கும். காவலர் பணித் தேர்வுக்குப் பயிலும் இளைஞர்கள் சாலையோரம் நனைந்தபடி ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது அத்தேர்வின் விதி. போர்வைக்குள் சுருண்டு கிடக்க உடல் கெஞ்சும் வேளையில் இவர்களை ஓட வைப்பது எது? விடாமுயற்சி என்று எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம். அந்த விடாமுயற்சி எங்கிருந்து பிறக்கிறது?

மன உறுதியிலிருந்து என்பதே வழக்கமான விடை. பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத் தானே வென்றவனையே வீரன் என்கிறோம். ஆனால் 2018 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டம் இவ்விடையைச் சற்றே அசைத்துப் பார்க்கிறது.

அன்று வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே. கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்காற்று. ஓட வேண்டிய தொலைவோ 42.195 கிலோமீட்டர். நனைந்த உடல் மிக விரைவாக வெப்பத்தை இழக்கும், விரல்கள் மரத்துப்போகும், நேரம் செல்லச் செல்லச் சிந்தனையும் மங்கும். புகழ்பெற்ற வீரர் பலர் பாதி வழியிலேயே விலகினர். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. உயிருக்கு ஊறு வருமென்று அறிந்தும் நிற்க மறுப்பது பிடிவாதமே அன்றி விடாமுயற்சி ஆகாது.

டெசிரே லிண்டன் என்ற வீராங்கனைக்கும் தொடக்கத்திலேயே விலகும் எண்ணம் வந்தது. 2011-இல் இதே ஓட்டத்தில் 2 விநாடிகளில் வெற்றியை இழந்தவர் அவர். தாம் விலகிவிடக்கூடும் என்றும், அதுவரை ஏதேனும் உதவி தேவையானால் செய்வதாகவும் உடன் ஓடிய தம் நாட்டவரான ஷலேன் ஃபிளானகனிடம் கூறினார். வழியில் ஃபிளானகன் சற்று நிற்க நேர்ந்தபோது, லிண்டன் வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்தார். பின்னர் இருவரும் சேர்ந்து, முன்சென்றோரை எட்டிப் பிடித்தனர். விலக நினைத்தவர் விலகவில்லை. 2 மணி 39 நிமிடம் 54 விநாடிகளில் பெண்களுள் முதலாவதாக வந்தார். 1985-க்குப் பின் பாஸ்டனில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே.

பிறருக்கு உதவினால் பரிசு கிடைக்கும் என்று இதிலிருந்து பாடம் படிப்பது தவறு. லிண்டன் தோற்றிருந்தாலும் அந்தக் காத்திருப்பின் மதிப்பு குறைந்திராது. நாம் காண வேண்டியது வேறொன்று. தன் வேதனையையே அளந்துகொண்டிருப்பவனுக்கு ஒவ்வோர் அடியும் நீள்கிறது. அயலானுக்குத் தோள் கொடுக்கத் திரும்பும்போது அந்த அளவுகோல் அவன் கையிலிருந்து நழுவிவிடுகிறது. ஆண்டுக்கணக்காய்ப் படுக்கையில் கிடக்கும் தாயைப் பேணும் மகளைக் கேட்டுப் பாருங்கள். தன் மன உறுதியைப் பற்றி அவள் பேசமாட்டாள். அம்மா இன்று இரண்டு வாய் கூடுதலாய் உண்டதைத்தான் சொல்வாள்.

வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்டவர் புனித பவுலடியார். ஒருவர் சுமையை மற்றவர் தாங்கவேண்டும் என்று பணித்தவரும் அவரே. இவற்றை இரு வேறு அறிவுரைகளாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அவை ஒன்றே அல்லவா?

தாடிக்கொம்புச் சாலையில் ஒருவன் மூச்சு வாங்கிப் பின்தங்குகிறான். உடன் ஓடுபவன் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறான். தேர்வுக் களத்தில் இருவரும் போட்டியாளர்களே. அது அவனுக்கும் தெரியும். மழை இன்னும் விட்டபாடில்லை. இருவரும் ஓடுகிறார்கள்.