பணிவதா, மறுப்பதா?



ஆனி, ஆடி மாதங்களில் சாரல் கட்டியதும் குற்றாலம் போகாத குடும்பம் நம்மில் ஏது? தண்ணீர் பெருகி, போலீஸ்காரர் விசில் ஊதியதும், எண்ணெய்த் தலையோடு முணுமுணுத்துக்கொண்டே கரையேறுகிறோம். அந்த முணுமுணுப்பு எவ்வளவு பேதைமை என்பதை, 2024-ம் ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பிள்ளையை அடித்துக்கொண்டு போனபோது கண்டோம். அதிகாரம் ஜனங்களின் நன்மைக்காகவே ஏற்பட்டது என்று அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 13-ம் அதிகாரத்தில் போதிப்பது, இப்படிப்பட்ட காரியங்களில் எளிதாக விளங்கிவிடும்.

ஆனால் அதே சின்னப்பர் சிறையில் கிடந்தவர். அர்ச். இராயப்பரோ, சேசுநாதரைப் பற்றிப் பேசலாகாது என்ற யூத சங்கத்தாரின் கட்டளையை முகத்துக்கு நேரே மறுத்தவர். அப்படியானால் எப்பொழுது பணிவது, எப்பொழுது மறுப்பது?

இதற்கு விடை தேட வடக்கன்குளம் வரை போனால் போதும். தென்காசி 2019-ல் தனி ஜில்லா ஆகும் வரை அந்த ஊரும் நாமும் ஒரே திருநெல்வேலி ஜில்லாதானே! அங்கேதான் 1745-ம் ஆண்டு திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்டர், சேசு சபைக் குருவான பூத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மார்த்தாண்டவர்ம மகாராஜாவுக்கு அவர் உத்தமமாய் ஊழியம் செய்தவர். ஆனால் வேதத்தை விடு என்றபோது மட்டும் மாட்டேன் என்றார். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியதும் பெரிய மனிதருக்குப் பொறுக்கவில்லை. 1749-ல் பிடித்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்தார்கள். அவர் வாள் எடுக்கவில்லை, கலகக் கூட்டம் சேர்க்கவில்லை. 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அதே வடக்கன்குளத்தில் இன்னொரு எதிர்ப்பும் நடந்தது. அங்குள்ள திருக்குடும்பக் கோயிலை ஜனங்கள் கால்சட்டைக் கோயில் என்பார்கள். பீடம் ஒன்று, ஜனங்கள் நிற்கும் மண்டபம் இரண்டு, நடுவே சுவர். எந்தப் பக்கம் எந்தச் சாதி என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை. 1910-ல் கௌசானல் சுவாமியார் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். உயர்ந்தவர் என்று தங்களை எண்ணியவர்கள், பரம்பரை வழக்கம், எங்கள் உரிமை என்று மேற்றிராணியார் மேலேயே வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

இவர்களும் அதிகாரத்தை எதிர்த்தவர்கள்தான். கைப்பணம் செலவழித்தார்கள், கோர்ட்டுக்கு அலைந்தார்கள். ஆகையால் கஷ்டப்பட்டு எதிர்ப்பதே நியாயத்துக்கு அத்தாட்சி என்று நினைக்க வேண்டாம். வரப்புத் தகராறில் வயலையே விற்றவர் எத்தனை பேர்! தேவசகாயம் கேட்டது, சர்வேசுரனுக்குரியதைச் சர்வேசுரனுக்குக் கொடுக்கவும், ஏழை எளியவரோடு உட்காரவும் விடு என்பது. இவர்கள் கேட்டதோ, அடுத்தவன் நம்மோடு முழந்தாளிடக்கூடாது என்பது. பிறனைத் தாழ்த்துவதற்காக உயர்கிற குரலை மனச்சாட்சியின் குரல் என்று எப்படிச் சொல்வது?

இதிலே நெஞ்சை உறுத்துவது வேறொன்று. சுவர் தானாக முளைக்கவில்லை. குருக்கள் இடங்கொடுத்துத்தான் அது நின்றது. மறுபக்கத்தில் நின்று பூசை கண்டவர்கள் எத்தனை வருஷம் பொறுத்தார்கள்! நமக்கு இழைக்கப்படும் அநீதியை, குழப்பம் வராதபடி சில வேளை பொறுத்துக்கொள்ளலாம் என்றும், சர்வேசுரனுடைய கட்டளைக்கு விரோதமானதை மட்டும் ஒருக்காலும் செய்யலாகாது என்றும் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் வகுத்திருக்கிறார். சரிதான். ஆனால் தன் முதுகில் விழும் அடியைப் பொறுப்பவன் வேறு. அடுத்தவன் முதுகைக் காட்டிப் பொறு, பொறு என்று பிரசங்கிப்பவன் வேறு. தென்காசிக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் பையனை முதலாளி அதிக நேரம் வேலை வாங்கினால், பையன் பொறுத்துக்கொள்ளலாம், கேட்டும் பார்க்கலாம். எடையைக் கூட்டி எழுது என்றால், அங்கே பொறுமைக்கு இடமில்லை. நஷ்டப்படுகிறவன் வாங்க வந்த குடியானவன்.

திருச்சபை அதிகாரிகளிடம் பேசவே கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவதுண்டு. பயம் வேண்டாம். மேய்ப்பர்களுக்குத் தங்கள் கருத்தை மரியாதையோடு தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமையும், சில வேளை கடமையும் உண்டென்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 212-ம் விதியே கூறுகிறது. தேவசகாயத்தின் பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு மனம் வருந்திய இல்லறத்தார், அதை எடுத்துவிடும்படி உரோமாபுரிக்கு விண்ணப்பம் எழுதினார்கள். கூச்சலில்லை, வழக்கில்லை. 2020-ல் உரோமாபுரி அதை நீக்கிற்று. 2022 மே 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பானவர் அவரை அர்ச்சியசிஷ்டவர் என்று அறிவித்தபோது, சாதிப் பட்டம் இல்லாமலே அவர் பெயர் வாசிக்கப்பட்டது.