மேற்கு எந்தப் பக்கம்?

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் கல்லூரியில் தாவரவியல் படிக்க நான் சேர்ந்தது 1992 ஜூனில். வீடு மேலப்பாளையம். டவுன் பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் ஐந்து வேளை பாங்கு கேட்டு வளர்ந்த எனக்கு, ஊசிக்கோபுரத்து மணி கேட்கும் அந்த ஊர் வேறு தேசமாகவே இருந்தது. 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் எழும்பிய கிறிஸ்தவக் கோயில் அந்த ஊசிக்கோபுரம். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவப் பிள்ளைகள். முஸ்லிம் என்று நான் ஒருத்திதான்.

சேர்வதற்கு முந்தின ராத்திரி வாப்பா ஒரு கதை சொன்னார். மக்காவில் கொடுமை தாங்காமல் முஸ்லிம்களில் ஒரு சிறு கூட்டம் 615 வாக்கில் கடல் தாண்டி அபிசீனியாவுக்குப் போனது. அங்கே அரசர் நஜ்ஜாஷி, கிறிஸ்தவர். மக்காவிலிருந்து காணிக்கைகளோடு ஆட்கள் வந்து, அந்த அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அரசர் விசாரித்தார். அகதிகளில் ஒருவரான ஜஅஃபர் எழுந்து குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார். அரசர் தாடி நனைய அழுதார். அனுப்ப முடியாது என்றுவிட்டார். "அவங்க நடுவுல போய்ப் படிக்கிறதுக்கு நீ முதல் ஆளு இல்லம்மா" என்றார் வாப்பா. அந்தக் கதைக்கு மறுநாள் ஒன்று உண்டு. அதை அவர் அன்று சொல்லவில்லை.

காலையில் அசெம்பிளி ஜெபம். முதல் வாரம் எல்லாரையும் போல நானும் தலை கவிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மூடு என்று யாரும் சொல்லவில்லை. தனியாகத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். இரண்டாம் வாரம் கண்ணைத் திறந்து நின்றேன். கை கட்டி, அமைதியாக, வாய் மட்டும் அசையாமல். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மேலப்பாளையத்தில் இப்படி எதையும் நான் தீர்மானிக்க வேண்டியிருந்ததில்லை. தெருவே நோன்பு வைத்தது, நானும் வைத்தேன். தெருவே தொழுதது, நானும் தொழுதேன். இங்கே எதில் கூட நிற்பது, எதில் ஒதுங்குவது என்று ஒவ்வொரு நாளும் நானே முடிவெடுக்க வேண்டும். இது என் மார்க்கம் என்று நான் முதன்முதலாக உணர்ந்தது பள்ளிவாசல் தெருவில் இல்லை, அந்த அசெம்பிளி வரிசையில்தான்.

மத்தியான லுஹர் தொழ இடம் கேட்கத் தைரியம் வர ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் துறைப் பேராசிரியை பைபிள் வகுப்பும் எடுப்பவர். கேட்டதும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கி வைக்கும் அறை. கதவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. நடுவே ஒரு மேசை, சுற்றிலும் பீரோக்கள். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மேற்கு எந்தப் பக்கம்மா? அந்த பீரோவ நகட்டணுமா?" என்றார். நேர் மேற்கு இல்லை, கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்க வேண்டும் என்றேன். இருவருமாகப் பிடித்து பீரோவை ஒரு முழம் தள்ளினோம். மூன்று வருஷமும் ஆய்வகக் குழாயில் ஒளு செய்துவிட்டு அந்தப் பீரோ விட்ட இடத்தில்தான் தொழுதேன். ஒருநாளும் அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்காட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதையும் விட்டதில்லை.

அந்த வருஷம் டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு வாப்பா ஒரு வாரம் என்னை வெளியே அனுப்பவில்லை. திரும்பப் போனபோது யார் என்ன கேட்பார்களோ என்று பஸ்ஸிலேயே கை நடுங்கியது. பக்கத்து பெஞ்சு நாசரேத்துக்காரி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நோட்டை நீட்டினாள். அந்த வாரப் பாடம் முழுவதும் எழுதி, தண்டின் குறுக்குவெட்டுப் படங்களையும் பென்சிலால் வரைந்து பாகங்கள் குறித்து வைத்திருந்தாள். அன்றுமுதல் நாங்கள் சிநேகிதிகள்.

1993 பிப்ரவரி கடைசியில் ரமலான் பிறந்தது. அதே வாரம் சாம்பல் புதன். அவளுக்கு லெந்து நாட்கள். கறி, மீன் கிடையாது, மதியச் சாப்பாடும் கிடையாது. மத்தியானம் எல்லாரும் டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்தில் நாங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வோம். "தண்ணிகூடவாட்டி கிடையாது? எச்சில முழுங்கலாமா?" என்று கேட்பாள். பசித்த வயிற்றோடு நிறைய பேசினோம். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் மர்யம்தான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. பேரீச்ச மரத்தடியில் தனியாகப் பிரசவ வலியில் கிடந்த கதையைச் சொன்னேன். கண்கொட்டாமல் கேட்டாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"அப்ப, ஆண்டவர் சிலுவையில மரிச்சதையும் நம்புதியா?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். 'எல்லாம் ஒண்ணுதானே' என்று சொன்னால் போதும், யாருக்கும் நோகாது. நான் இல்லை என்றேன். ஈஸா நபி எங்களுக்கு மிகப் பெரிய தூதர். ஆனால் அவரைச் சிலுவையில் கொல்லவில்லை என்றும், அவர் இறைவனின் மகன் இல்லை என்றும் நம்புகிறோம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. பெரிய வெள்ளிக்காகப் பட்டினி கிடக்கிற பெண்ணிடம், நீ அழுகிற மரணமே நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று நோன்பு திறந்த பிறகு வாப்பாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் கதையின் மிச்சத்தைச் சொன்னார். தோற்றுப்போன மக்கா ஆட்கள் மறுநாளும் அரசரிடம் போனார்களாம். இவர்கள் ஈஸாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார்களாம். அகதிகளுக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. அரசர் மனம் கோணாமல் சொல்வதா, உள்ளதைச் சொல்வதா? நமக்குக் கற்றுத்தந்ததையே சொல்வோம், வருவது வரட்டும் என்று முடிவு செய்தார்கள். இறைவனின் அடியார், தூதர், கன்னி மர்யமிடம் அவன் இட்ட சொல் என்று ஜஅஃபர் சொன்னார். அரசர் ஒரு குச்சியை எடுத்து, நீ சொன்னதற்கும் உண்மைக்கும் இந்தக் குச்சியளவுகூட வித்தியாசமில்லை என்றார். கேட்டவர்கள் பெரும்பாலும் அந்தக் குச்சியைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு அந்தத் தூங்காத ராத்திரிதான் பெரிது. அந்தக் கூட்டத்தில் இருந்து பின்னாளில் இதை எடுத்துச் சொன்னவர் உம்மு சலமா, ஒரு பெண், என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

மறுநாள் மத்தியானம் நான் மட்டும் மரத்தடிக்குப் போனேன். கொஞ்சம் பொறுத்து அவளும் வந்தாள். "ராத்திரி பூரா யோசிச்சேன். நீ சொன்னத நான் ஏத்துக்கிட மாட்டேன். ஆனா நீ பொய் சொல்லல" என்றாள். பிறகு செய்முறைத் தேர்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

'எல்லாம் ஒண்ணுதான்' என்ற பேச்சை அன்றிலிருந்து என்னால் ஏற்க முடிவதில்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவள் பட்டினி கிடந்ததையும் நான் பட்டினி கிடந்ததையும் அது ஒன்றுமில்லாததாக ஆக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், ஒரு சீனியர் அக்கா என் நோட்டுக்குள் கிறிஸ்தவத் துண்டுப்பிரதிகளை வைத்துக்கொண்டே இருந்தார். அவர் பேச நினைத்தது என்னிடம் இல்லை, நான் மாறினால் என் இடத்தில் வரப்போகிற ஒருத்தியிடம். நாசரேத்துக்காரி என்னிடம் பேசினாள். நான் மாற மாட்டேன் என்று தெரிந்தும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சந்திர வருஷம் சூரிய வருஷத்தைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு. அதனால் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி, முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வருஷத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. 2025 மார்ச் 2-இல் முதல் நோன்பு, 5-ஆம் தேதி சாம்பல் புதன். அன்று காலை போன் செய்தாள். இப்போது அவள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, பேத்தி பிறந்தாயிற்று. உனக்காக ஜெபிக்கிறேன் என்றாள். நானும் உனக்காக துஆ கேட்கிறேன் என்றேன். அவள் என்ன கேட்டு ஜெபிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் என்ன கேட்கிறேன் என்பது அவளுக்கும் தெரியும். அதை நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சஹருக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று கேட்டாள். நாலு மணி என்றேன்.

"நானும் அப்பந்தாம்ட்டி எந்திச்சு முழங்கால் போடுதேன்" என்றாள்.