கெடு

டிரைவிங் லைசென்ஸ் முடிவதற்கு ஒரு வருஷம் முன்பாகவே புதுப்பிக்க மனுப் போடலாம். முடிந்த பிறகும் ஒரு வருஷம் வரை போடலாம். அதையும் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் வைத்தியரின் சான்று கொண்டுவர வேண்டும். 55-ஐத் தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருஷமாகத்தான் அளந்து கொடுக்கிறார்கள். முன்பு, தேதி முடிந்தாலும் 30 நாள் செல்லும் என்று ஒரு தயவு இருந்தது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது.

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஓட்டத் தெரிந்தவனுக்குப் பன்னிரண்டு அடித்ததும் மறந்துவிடுமா என்று கும்பகோணம் கடைத்தெருவில் யாராவது கேட்டால் சிரிப்பு வரும். நியாயமான கேள்விதான். ஆனால் தெருவில் நடக்கிற மற்றவர்கள் நம்மீது வைக்கிற நம்பிக்கைக்குத்தான் லைசென்ஸ் என்று பெயர். கண் மங்கும், கை தாமதிக்கும். அந்த நம்பிக்கையைக் கெடு வைத்துத்தான் கொடுக்க முடியும். அவ்வப்போது போய் நின்று காட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தெரிந்த வைத்தியர் கண்ணைச் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாரே, குறைச்சல் அதில்தான்.

எதிராளியின் மனசை நம்பிப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் கதை வேறு. தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தகைக்காரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மிராசுதார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்ற காலம் உண்டு. பாதிக்கு மேல் வாய்வார்த்தைக் குத்தகை. ஐயா முகம் சுளித்தால் நிலம் போயிற்று. 1952-இல் தஞ்சாவூருக்கென்றே ஒரு சட்டமும், 1955-இல் ராஜ்யத்துக்குப் பொதுவாக ஒன்றும் வந்த பிறகுதான், குத்தகையை ஒழுங்காக அளக்கிறவனை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று ஆயிற்று.

அந்த மிராசுதாருக்கும் தண்ணீர் கெடு வைத்துத்தான் வந்துகொண்டிருந்தது என்பதை அப்போது யார் நினைத்தார்கள்? 1924 பிப்ரவரி 18-இல் சென்னையும் மைசூரும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கே கண்ணம்பாடி அணை, இங்கே மேட்டூர். 1934-இல் மேட்டூர் முடிந்தது. பாசனத்தை விரிவாக்க வைத்த வரம்புகளை 50 வருஷம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. கையெழுத்துப் போட்டவர்களுக்கு 1974 என்பது பேரன் காலத்துச் சங்கதி.

மண்டியா விவசாயிக்கும் ஒரு கட்சி உண்டு. அதைக் கேளாமல் பேசுவது தர்மமில்லை. சென்னை வெள்ளைக்காரனின் மாகாணம், மைசூர் அவனுக்கு அடங்கிய சமஸ்தானம். சமமானவர்கள் போட்ட கையெழுத்தா அது என்று அவர் கேட்டால், திண்ணைக்குக் கீழே நின்றவனின் குரல் அதில் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தை நம்பி மன்னார்குடியில் நாற்றங்கால் போட்டவன் எந்த அதிகாரத்தைச் செலுத்தினான்?

1971-இல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1972-இல் வழக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். 1974 வந்தது, போயிற்று. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது ஒரு பக்கம். சில ஷரத்துகள்தான் மறுபரிசீலனைக்கு உரியவை, மற்றவை நிரந்தரம் என்றது மறுபக்கம். லைசென்ஸாக இருந்தால் நாம் ஒருவர் போய் வரிசையில் நின்றால் போதும். இதற்கு இரண்டு பேர் வர வேண்டும். தேதி முடிவதில் ஒருவருக்கு லாபம் இருந்தால் அவர் எதற்கு அவசரப்படப் போகிறார்? 1983-இல் டெல்டா விவசாயிகளே கோர்ட்டுக்குப் போனார்கள். நடுவர் மன்றம் 1990-இல் வந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007-இல்.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், அந்த ஒப்பந்தம் 1974-உடன் முடிந்ததுதான் என்று சொல்லிற்று. நடுவர் மன்றம் கொடுத்த 192 டி.எம்.சி.யை 177.25 ஆக்கிற்று. அதோடு இந்த ஏற்பாடு 15 வருஷத்துக்கு என்றும் சொல்லிற்று. அப்படியென்றால் 2033. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று வருஷா வருஷம் கேட்டுக்கொண்டிருக்கிற குறுவைக்காரரிடம் அந்த வருஷத்தை யாராவது சொல்லி வைத்திருக்கிறார்களா?