வாள் பட்ட முல்லை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது திருமுல்லைவாயில். அங்கே மாசிலாமணீசுவரர் கோயில் கருவறையில் லிங்கத்தின் திருமேனியை எல்லா நாளும் பார்த்துவிட முடியாது. ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தன்றுதான் பழைய சந்தனத்தைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால் அந்தப் பக்கத்துக் குழந்தைகூடச் சொல்லும்: சாமி தலையில் வெட்டுக்காயம் இருக்கிறது, அது குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

கதை இதுதான். ஓணன், வாணன் என்ற குறும்பர் தலைவர்களோடு போரிட்டு முடியாமல் திரும்பிக்கொண்டிருந்தான் மன்னன் தொண்டைமான். வழியில் அவன் யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. நகர முடியவில்லை. மேலே இருந்தபடியே வாளை வீசிக் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தம் பீறிட்டது. பதறி இறங்கிப் பார்த்தால் புதருக்குள் லிங்கம். செய்த பிழைக்குத் தன் கழுத்தையே அரிந்துகொள்ளப் போனான். இறைவன் தடுத்தார், குறும்பரை வெல்ல நந்தியைத் துணைக்கு அனுப்பினார். அதனால்தான் அங்கே நந்தி சுவாமிக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்திருக்கிறது என்பார்கள். வென்ற கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு கருவறைக்கு முன்னால் இன்றும் நிற்கின்றன. தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடி கட்டிப்போட்ட செய்தியைச் சுந்தரர் தம் பதிகத்திலேயே சொல்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் கதை.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறார்கள், ஆவடியில் கடை வைத்திருக்கிறார்கள், பூந்தமல்லியில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பத்தாம் வகுப்போடு நின்றுபோனவர்களும், பத்தாம் வகுப்பைத் தொடாமலே நின்றவர்களும் உண்டு. முப்பது வயதில் மறுபடி புத்தகத்தை எடுப்பவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். இன்னொன்று, மாநிலப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. பள்ளிக்கூட வாசலை மிதித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனவர் அந்த 25-க்காகச் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு வந்து, தலைகீழான புனலுக்குள் வேலம்பாசிக் கிளையை வைத்து, வெயிலில் அதிலிருந்து ஆக்சிஜன் குமிழி குமிழியாய் மேலேறுவதைப் பார்க்கிறார். அப்போது அவர் முகத்தில் வருவது ஒரு மாணவியின் ஆர்வம் மட்டுமல்ல. இத்தனை நாள் துவைகல்லுக்குப் பக்கத்தில் வளர்ந்துகிடந்த பாசி மூச்சு விடுவதுபோல இருக்கிறதே என்ற திகைப்பும் அதில் உண்டு.

உயிரியலின் முதல் பாடம், உயிருள்ளவற்றின் பண்புகள். உணவு கொள்ளும், சுவாசிக்கும், வளரும், கழிவை நீக்கும், தூண்டினால் துலங்கும், இனம் பெருக்கும். பதினான்கு வயதில் இதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடலாம். மீன் ஆய்ந்த கை, பிள்ளை பெற்ற உடல், தாயின் கடைசி மூச்சைப் பக்கத்திலிருந்து பார்த்த கண் உள்ளவரால் அப்படிப் போக முடியாது. ‘உயிர்’ என்ற சொல் அவருக்கு ஏற்கெனவே கனமானது. செடிக்கும் உயிர் உண்டு என்று ஆசிரியர் சொன்னதும் அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியென்றால் வெட்டினால் வலிக்குமா? வலிக்கும் என்றால் கீரை நறுக்குவது பாவமா? பாடத்திட்டத்தில் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அந்தப் பாடத்திலேயே மிகப் பெரிய கேள்வி இதுதான்.

முதலில் ரத்தத்தைப் பார்ப்போம். முல்லைக்கொடியை வெட்டினால் தெளிந்த நீர்போலச் சாறு கசியும், அவ்வளவே. எருக்கை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். வேங்கை மரத்தைக் கீறினால் செக்கச்செவேலென்று பிசின் வடியும். பார்ப்பவர் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும், ஆனால் அது ரத்தமல்ல. நம் ரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் ஹீமோகுளோபின். அதற்குள் வளையங்கள், ஒவ்வொரு வளையத்தின் மையத்திலும் இரும்பு. செடியைப் பச்சையாக்கும் பச்சையத்திலும் கிட்டத்தட்ட அதே அமைப்புள்ள வளையம்தான் இருக்கிறது, இரும்புக்குப் பதில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. உயிரணு இந்த இரண்டையும் செய்யும் வழி வெகுதூரம் ஒன்றாகவே வந்து, உலோகத்தைப் பொருத்தும் இடத்தில்தான் பிரிகிறது. திருமுல்லைவாயிலிலேயே இன்னொரு புகழ்பெற்ற கோயில் பச்சையம்மனுக்கு இருக்கிறது. பச்சைக்கும் சிவப்புக்கும் வழி பிரிவது ஓர் உலோக அணுவில்தான் என்ற செய்தி அந்த ஊர்க்காரருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்தில் வேர்க்கடலை பயிராகும் கொல்லை ஒன்று போதும். பூக்கும் பருவத்தில் இருக்கும் செடியை மெதுவாகப் பிடுங்கி மண்ணை உதறினால், வேரெல்லாம் கம்பு மணி அளவில் சிறுசிறு முடிச்சுகள். ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு, வெட்டிய இறைச்சியின் நிறம். விரல் நுனியில் கறை படியும். அது லெக்ஹீமோகுளோபின்; நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம். முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். ஆக்சிஜன் அதிகமானால் அந்த வேலை கெடும். ஆகவே செடி தானே இந்தச் சிவப்புப் பொருளைச் செய்து ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. முல்லையில் இது நடப்பதில்லை. ஆனால் ‘செடியிலாவது, ரத்தமாவது’ என்று கதையைத் தள்ளிவிட நினைத்தவருக்கு, கடலைக்கொல்லையில் அந்தக் கறை ஒரு பதில்.

செடிக்குள் சாவும் இருக்கிறது. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றும் சைலக் குழாய்கள் இறந்த செல்கள். பிறந்து, வளர்ந்து, சுவர் தடித்து, உள்ளிருந்த அனைத்தையும் கரைத்துக்கொண்டு, வெறும் குழாயாகி நின்ற பிறகுதான் அவை நீர் கடத்தத் தகுதி பெறுகின்றன. நாம் மரக்கட்டை என்பது பெரும்பாலும் இதைத்தான். கருவறை முன் நிற்கும் எருக்கந்தூண், செடியாய்ப் பால் சுரந்து நின்ற நாளிலேயே உள்ளுக்குள் பெரும்பகுதி இறந்துதான் இருந்திருக்கும். உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று ஒரு கோடு போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர் இங்கே தடுமாறத்தான் செய்வார்.

இனி வலி. 1901 மே மாதம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜெகதீச சந்திர போஸ், தூண்டினால் செடிகளிலும் மின்துலங்கல் எழுவதை அவையோர் கண்முன் காட்டினார். 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இன்னும் துல்லியமானது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியின் ஓர் இலையைப் புழு கடித்தால், கடிபட்ட இடத்திலிருந்து கால்சிய அலை ஒன்று கிளம்பி ஓரிரு நிமிடத்தில் தொலைவில் உள்ள இலைகளை எட்டுகிறது. அந்த இலைகள் தற்காப்புக்குத் தயாராகின்றன. அலையைக் கிளப்பிவிடுவது குளூட்டமேட். நம் மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி சொல்லும் அதே பொருள். 2023-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள், தண்ணீர் இல்லாமலும் தண்டு வெட்டுப்பட்டும் நிற்கும் தக்காளி, புகையிலைச் செடிகள் நம் காதுக்கு எட்டாத சொடக்கொலிகளை எழுப்புவதைப் பதிவு செய்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் செடி அழுகிறது என்று தலைப்புப் போடுவது எளிது. அந்தச் சொடக்கொலி பெரும்பாலும் சைலக் குழாயில் காற்றுக் குமிழி உடையும் ஓசையாக இருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2019-இல் தாவரவியலாளர் லிங்கன் டைஸ் உள்ளிட்டோர், தாவரங்களுக்கு உணர்வுநிலை இல்லை, தேவையும் இல்லை என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார்கள். நரம்பு கிடையாது, மூளை கிடையாது. துலங்கல் இருப்பதாலேயே நோவு இருந்துவிடாது. இதைப் புரிந்துகொள்ளப் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே வழி இருக்கிறது. சுடும் தோசைக்கல்லில் விரல் பட்டால் கை முதலில் பின்வாங்குகிறது, ‘ஸ்ஸ்’ பிறகுதான் வருகிறது. கையை இழுத்த கட்டளை தண்டுவடத்திலிருந்து போனது; வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது அப்புறம். பாடப்புத்தகம் இதை அனிச்சைச் செயல் என்கிறது. துலங்குவது வேறு, நோவது வேறு என்பதற்கு ஒவ்வொரு சமையலறையிலும் சாட்சி உண்டு.

நம்மில் ஒரு சாரார் இந்த இடத்தில் தொல்காப்பியத்தைக் கொண்டுவந்து வைத்து, எல்லாம் நமக்கு அன்றே தெரியும் என்பார்கள். மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது, அந்த அறிவு தொடு உணர்வு என்கிறது. இது பெருமைக்குரிய கவனிப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வரிசையில் நத்தை இனத்துக்கு இரண்டறிவு, எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நான்கு என்று போகிறது. நத்தைக்குக் கண் உண்டு என்று இன்றைய விலங்கியல் சொல்கிறது. ஆக, அது உயிரியல் பாடமல்ல. எதற்கு எவ்வளவு உணர்வு இருக்கும் என்று படிப்படியாக யோசித்துப் பார்த்த ஒரு மனம் அதில் தெரிகிறது. தேர்வுக்குப் படிப்பவர்களிடம் இரண்டையும் குழப்பிக் கொடுப்பது அவர்களுக்கும் அநீதி, தொல்காப்பியத்துக்கும் அநீதி.

தொடு உணர்வு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தமிழில் முல்லைக்கொடிக்கு இரண்டு மன்னர்கள். பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரையே விட்டுவந்தான் பறம்பு மலைப் பாரி. கால் சுற்றிய முல்லையை வாளால் வெட்டினான் தொண்டைமான். இருவரும் எதிர்கொண்டது ஒரே பண்பைத்தான். படர்கொடி தடித்த தண்டு செய்து செலவழிக்காது; நுனியை வட்டமாகச் சுழற்றித் துழாவி, கிடைத்ததைப் பற்றி வெளிச்சத்துக்கு ஏறும். தேரா, யானைக்காலா என்று கொடி பார்ப்பதில்லை. கொடிகளின் இந்த நடமாட்டத்தை டார்வின் 1865-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்.

வலிக்குமா என்ற கேள்வியை மிக நேராக எடுத்துக்கொண்ட தமிழர் வள்ளலார். திருமுல்லைவாயில் இறைவனைப் பாடியவர். 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியவர். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலில் தாமே தடை எழுப்பிக்கொள்கிறார்: மரமும் புல்லும் நெல்லும் உயிர்தானே, அவற்றை உண்பது கருணைக்கு விரோதமில்லையா? அவர் விடையின் சாரம் இது: அவற்றில் உயிர் விளக்கம் ஒரு புலன் அளவிலேயே இருக்கிறது, மனம் முதலான கருவிகள் விரிவுபெறவில்லை, விதை, காய், கனி, இலை கொள்வது நகமும் மயிரும் களைவதைப் போன்றது. டைஸ் குழுவினர் நரம்பு இல்லை என்று சொன்ன இடத்தில் வள்ளலார் மனக்கருவி விரியவில்லை என்கிறார். ஆய்வகம் இல்லாத மனிதர், கருணையையும் சோற்றையும் ஒருசேரக் கைவிடாமல் யோசித்திருக்கிறார். அதே வள்ளலார்தான் நீரின்றி வாடும் பயிர் முன்னால் மனம் வாடி நின்றவர். பயிருக்கு நோகாது என்ற முடிவு அவரை வாடாமல் இருக்கச் செய்யவில்லை.

கதையின் ஆழமும் அங்கேதான் இருக்கிறது. தொண்டைமான், கொடிக்கு நரம்பு உண்டா என்று விசாரித்துவிட்டு வருந்தவில்லை. தன் அவசரத்துக்குக் குறுக்கே வந்த ஒன்றை, அது என்னவென்று பாராமல் வெட்டினோமே என்று வருந்தினான். உயிர் உண்டா என்பதற்கு உயிரியல் விடை சொல்லும். நோகுமா என்பதற்கும் நெடுந்தூரம் விடை சொல்லியிருக்கிறது. எப்படி நடந்துகொள்வது என்பதை அந்த இரண்டு விடைகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தாமே யோசிக்க வேண்டும். முப்பது வயதில் படிக்க வந்தவர் அதைக் கேட்டால், சிலபஸில் இல்லை என்று வாயடைப்பது தவறு.

பூந்தமல்லியில் இதே கேள்விக்கு இன்னொரு முகம். வைணவப் பெரியவர் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. நந்தவனம் வைத்துப் பூப்பறித்து மாலை கட்டிக் காஞ்சி வரதருக்குச் சுமந்து சென்றவர். முல்லைவாயிலில் கொடியை வெட்டியது குற்றம். பூந்தமல்லியில் பூவைப் பறித்தது தொண்டு. விளக்கு வைத்தபின் பூப்பறிக்காதே, செடி தூங்குகிறது என்று சொல்லும் பாட்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள்.

முல்லையை விரியும் முன்னரே, மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். கொடியை விட்டு வந்த பிறகும் அந்த மொட்டுக்குள் செல்கள் சுவாசிக்கின்றன. சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்து, நீரை இழுத்து இதழை உப்பவைக்கின்றன. காலையில் திருமுல்லைவாயில் கோயில் வாசலில் முழம் போட்டு வாங்கிய சரம், மாலை ரயிலில் அம்பத்தூரில் ஏறி, உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் பெண்ணின் கூந்தலில் ஒவ்வொன்றாக விரிந்து மணக்கத் தொடங்குகிறது.